இருவகை மருந்து

(நம் சங்கத்தின் வெள்ளிவிழா இரண்டாம் நாள் காலை அமர்வில் ஆற்றிய உரை)

 

அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே 'உயர்கல்வியும் நம் இளைஞரும்' என்று அச்சிடப்பட்டிருக்கிறது. அத்தலைப்பில் பேசத்தான் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். ஆனால் இம்மேடையின் முன்வரிசையில் அமர்ந்திருக்க வேண்டிய ஒருவர் இன்று நம்மிடையே இல்லை. இச்சங்கம் தொடங்கிய ஆண்டில், வாரக் கூலியில் ஆளுக்கு இரண்டு ரூபாய் என்று வீடு வீடாகத் தண்டி, முதல் நோட்டுப் புத்தகக் கட்டை வாங்கித் தந்த பெரியவர் அவர். சென்ற பங்குனியில் மறைந்தார். அவர் மறைந்த விதத்தை எண்ணியபோது உயர்கல்விக் குறிப்புகளை மடித்து வைத்துவிட்டேன். தலைவர் அவர்களிடம் இசைவு பெற்று, இரத்தக் கொதிப்புக்கும் நெஞ்சுவலிக்கும் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளைத் தவறின்றி உட்கொள்வது எப்படி என்பதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். இளங்கலையும் கல்வியியலும் படித்த பள்ளி ஆசிரியன். இங்கே சொல்லப் போவன மருத்துவர்களிடம் கேட்டும், நூல்களில் படித்தும் அறிந்தவை. மாத்திரைகளை நானே விழுங்கி அறிந்தவையும் அவற்றுள் உண்டு.

சிவகாசி வட்டாரத்தில் 'மருந்து' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. ஒன்று மருத்துவமனையில் தருவது. மற்றொன்று பட்டாசுக்குள் செலுத்துவது. பின்னதைப் பற்றி இவ்வவைக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வெடியுப்பு எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, அலுமினியத் தூள் எவ்வளவு என்று நிறுத்தே கலக்க வேண்டும். ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருத்தலாகாது. கலந்ததை அன்றன்றே செலுத்தித் தீர்க்க வேண்டும்; மிஞ்சியதை மறுநாளைக்கு வைத்தல் கூடாது. இரும்புக் கருவி ஆகாது, நைலான் உடை ஆகாது, ஈரம் ஆகாது. இவ்விதிகள் தாளில் இருப்பதற்காக ஏற்பட்டவை அல்ல. 2012 செப்டம்பர் 5 ஆம் நாள் முதலிப்பட்டியில் எழுந்த புகையை நம்மில் மறந்தவர் இலர். அன்று ஆசிரியர் தினம். பள்ளிகளில் இனிப்பு வழங்கிக் கொண்டிருந்த வேளை.

மறைந்த பெரியவர் முப்பது ஆண்டுகள் அத்தகைய ஆலைகளில் வேலை செய்து போர்மேனாக உயர்ந்தவர். அவர் பொறுப்பில் இருந்த அறைகளில் ஒருநாளும் தீ பற்றியதில்லை. புதிதாக வந்த பிள்ளை ஒருவன் ஒரு கைப்பிடி மருந்தைக் கூடுதலாக எடுத்தாலும், 'கீழே வை' என்று அதட்டுவார். அத்துணைக் கண்டிப்பானவர், தம் நெஞ்சுவலிக்கு மருத்துவர் தந்த மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, ஒரு பழைய தீப்பெட்டியில் போட்டு, தகரக் கூரையின் கீழ் மாடத்தில் வைத்திருந்தார். அன்று காலை நெஞ்சை அழுத்தியபோது 'வாய்வு' என்றார். சோடா குடித்தார், இஞ்சி தின்றார். மனைவியார் மாத்திரையை நினைவூட்டவே, இரண்டை எடுத்துத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு, வாய்வு மாத்திரை வாங்குவதற்காக மருந்துக் கடைக்கு நடந்தே போனார். ஆம்புலன்சை அழைக்கும்போது மூன்று மணி நேரம் கடந்திருந்தது. வழியிலேயே உயிர் பிரிந்தது. எல்லாம் முறைப்படி நடந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று என்னால் உறுதி கூற இயலாது. மருத்துவரும் அவ்வாறு கூறவில்லை. அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி மட்டுமே அவர் வருந்தினார். குடும்பத்தார் இவ்வவையில் இருக்கின்றனர். அவர்கள் சொல்லச் சொன்னதனால்தான் சொல்கிறேன்.

ஒரு மருந்தை அவ்வளவு நன்றாகக் கையாளத் தெரிந்த நாம், மற்றொரு மருந்தை ஏன் இவ்வாறு கையாள்கிறோம்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முதலில் கொதிப்பைப் பற்றிச் சில சொற்கள். இதயம் சுருங்கும்போது குழாய்களில் ஓர் அழுத்தம். விரியும்போது ஓர் அழுத்தம். இவற்றையே மேலெண், கீழெண் என்று சீட்டில் எழுதுகின்றனர். அமைதியாக இருக்கும்போது வெவ்வேறு நாள்களில் அளந்தும் மேலெண் 140 அல்லது கீழெண் 90 ஐத் தொட்டோ தாண்டியோ நின்றால் அது இரத்தக் கொதிப்பு எனப்படும். இதன் கொடுமை யாதெனில், பெரும்பாலோர்க்கு இது எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. தலை வலிக்கவில்லை, மயக்கம் இல்லை, ஆகவே கொதிப்பு இல்லை என்பது நம் தெருக்களில் வழங்கும் மிகப் பெரிய பிழை. வெளியே ஒன்றும் தெரியாமலேயே பல ஆண்டுகள் அது இதயத்தையும், சிறுநீரகத்தையும், மூளையின் இரத்தக் குழாய்களையும் அரித்துக்கொண்டிருக்கும்.

இப்பிழையைச் செய்தவர்களில் அடியேனும் ஒருவன். எனக்கு நாற்பத்தொன்பது வயது இருக்கும்போது பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில், பெற்றோருக்கு எடுத்துக்காட்டாக இருக்கட்டுமே என்று நானே முதலில் கையை நீட்டினேன். 170க்கு 110 என்று காட்டியது. மாத்திரை எழுதித் தந்தனர். ஐந்து மாதங்கள் உண்டேன். 130க்கு 80 ஆயிற்று. நோய் தீர்ந்துவிட்டது என்று நானே தீர்ப்பெழுதி, மாத்திரையை நிறுத்திவிட்டேன். மறு ஆண்டு பொதுத் தேர்வுப் பணியில் வினாத்தாள் கட்டோடு மாடிப்படி ஏறும்போது, நெஞ்சின் நடுவே யாரோ முழங்காலை ஊன்றினாற்போல் இருந்தது. இடக்கை மரத்தது, வியர்த்துக் கொட்டியது. உடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் தாமதமின்றி 108 ஐ அழைத்தமையால் இன்று உங்கள்முன் நிற்கிறேன். மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் என் பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, "அழுத்தம் குறைந்தது மாத்திரையால், ஐயா. மாத்திரையை நிறுத்தினால் எதனால் குறையும்?" என்று கேட்டார். என் மாணவனாக இருக்க வேண்டிய வயது அவருக்கு. விடை சொல்ல என்னால் முடியவில்லை.

மாத்திரை கொதிப்பை ஒழிப்பதில்லை, அடக்கி வைக்கிறது. மூக்குக் கண்ணாடி பார்வைக் குறையை ஒழிக்காததைப் போன்றதே இது. எண் நன்றாக வந்திருக்கிறது என்றால் மருந்து வேலை செய்கிறது என்பது பொருள். குறைக்கலாமா, நிறுத்தலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது தொடங்காமலே இருப்பதைக் காட்டிலும் தீங்கானது. அட்டெனலால், மெட்டோபுரோலால் வகையினை உண்டுவரும் நெஞ்சுவலிக்காரர் ஒருநாள் சட்டென்று விட்டுவிட்டால், இதுவரை கட்டுண்டிருந்த இதயம் கயிறறுந்த காளைபோல் துள்ளும். வலி மிகும், மாரடைப்பே வரலாம். குளோனிடின் என்ற மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் முன்னிருந்ததைவிட உயரக்கூடும். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்னரே அடுத்ததற்கு ஏற்பாடு செய்வதும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும்போது சேலைக்கு முன்னால் மாத்திரையைப் பையில் வைப்பதும் இதனால்தான். ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்தவுடன் உண்ணலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதாயின் மறந்ததை விட்டுவிட வேண்டும். இரண்டு வேளைக்குரியதைச் சேர்த்து ஒரே வேளையில் உண்ணுதல் கூடவே கூடாது.

இதற்கு நம் ஊரே ஒரு கருவி தந்திருக்கிறது. நாட்காட்டி அச்சிட்டு நாடெங்கும் அனுப்புவது சிவகாசி. என் வீட்டில் மாத்திரையை உண்ட பிறகுதான் நாட்காட்டித் தாளைக் கிழிப்பது என்று வைத்துக்கொண்டோம். மாலையில் தாள் கிழிபடாமல் தொங்கினால் என் பேத்தியே நீதிபதி.

இனி நெஞ்சுவலி மாத்திரைக்கு வருகிறேன். இங்கேதான் இருவகை மருந்தும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. கேட்டால் வியப்பீர்கள்.

1847 இல் இத்தாலியின் தூரின் நகரில் சொபிரேரோ என்னும் வேதியியலார் நைட்ரோகிளிசரின் என்ற நீர்மத்தை உண்டாக்கினார். தட்டினாலே வெடிக்கும் இயல்பினது. அதில் ஒரு துளியை நாவில் வைத்துப் பார்த்தவருக்குத் தலை பிளப்பதுபோல் வலித்தது. சுவீடன் நாட்டு ஆல்பிரட் நோபெல் அதனை ஆலையில் உண்டாக்க முற்பட்டபோது, 1864 இல் நேர்ந்த வெடிவிபத்தில் அவர் தம்பி எமிலும் வேறு சிலரும் மாண்டனர். அதனை ஒருவகை மண்ணில் ஊறவைத்து அடக்கி, 1867 இல் டைனமைட் என்ற பெயரில் உரிமம் பெற்றார் நோபெல். 1879 இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் மரேல், அதே பொருளை மிகமிக நீர்க்கச் செய்து நெஞ்சுவலி நோயாளிகளுக்குத் தந்து கண்ட பயனை வெளியிட்டார். முதுமையில் நோபெலுக்கே நெஞ்சுவலி வந்தபோது, மருத்துவர்கள் எழுதித் தந்தது அந்த நைட்ரோகிளிசரினைத்தான். மருந்துக் கடைக்காரரும் பொதுமக்களும் அஞ்சாதிருக்க அதற்கு வேறு பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்று 1896 இல் தம் உதவியாளருக்கு அவர் எள்ளலோடு எழுதினார். அவ்வாண்டு டிசம்பரில் மறைந்தார். அது குழாய்களை எவ்வாறு விரிக்கிறது என்பதை விளக்கிய ஆய்வுக்கு, நூறாண்டு கழித்து 1998 இல், அவர் பெயரால் அமைந்த பரிசே அமெரிக்கர் மூவருக்கு வழங்கப்பட்டது. நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு அதிலிருந்து உடலுக்குள் பிறந்து இரத்தக் குழாயின் தசையைத் தளர்த்துகிறது.

இதைக் கேட்டு, ஆலைத் தூளை மூச்சில் இழுத்தால் நெஞ்சுக்கு நல்லது என்று எவரும் எண்ணிவிட வேண்டா. நம் பட்டாசில் இருப்பது வேறு பொருள். அது நெஞ்சுக்குப் பகை. நான் சொல்ல வருவது வேறு. டைனமைட் ஆலைத் தொழிலாளருக்குத் திங்கட்கிழமைதோறும் கடுந் தலைவலி வரும். இரண்டொரு நாளில் உடல் பழகிக்கொள்ளும். ஞாயிறு விடுப்பில் அப்பழக்கம் நீங்கிவிடுவதால் திங்களன்று மீண்டும் தலைவலி. அதற்கு அஞ்சிச் சிலர் தொப்பியின் உட்பட்டையில் சிறிது நைட்ரோகிளிசரினைத் தடவிக்கொண்டு விடுப்பைக் கழித்தனராம். வேறு சிலருக்கோ, அப்பொருளின் வாடையே படாத விடுப்பு நாள்களில் நெஞ்சுவலி வந்தது. நோயாளிகளுக்கும் பாடம் இதுவே. நாள்தோறும் உண்ணும் நைட்ரேட் மாத்திரையை மருத்துவர் காலையும் பிற்பகலும் மட்டும் எழுதி இரவை வெறுமையாக விடுவதுண்டு. உடல் பழகிப்போய் மருந்து பயனற்றுப் போகாதிருக்கவே அந்த இடைவெளி. 'இரவுக்கும் ஒன்று போட்டால் நல்லதுதானே' என்று நாமே கூட்டுவதும் தவறு. தலைவலிக்கிறது என்று நாமே நிறுத்துவதும் தவறு.

வலி வந்தவுடன் நாவின் கீழ் வைக்கும் மாத்திரை, நம் கடைகளில் பெரும்பாலும் சார்பிட்ரேட் என்ற பெயரில் கிடைப்பது, இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதனை விழுங்கினால் கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். பயன் குறைந்தும் தாமதித்தும் வரும். நாவின் கீழே கரைந்தால் இரண்டு மூன்று நிமிடங்களில் இரத்தத்தில் கலந்துவிடும். பெரியவர் தண்ணீர் ஊற்றி விழுங்கினார் என்று சொன்னேனல்லவா? எவரும் அவருக்கு வேறுவிதமாகச் சொல்லித் தரவில்லை. உட்கார்ந்துகொண்டு வைக்க வேண்டும். நின்றுகொண்டு வைத்தால் அழுத்தம் சட்டென இறங்கி மயங்கி விழக்கூடும். ஐந்து நிமிடங்களில் வலி தணியாவிட்டால், அல்லது வலியோடு வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி, கை தாடை மரத்தல் இருந்தால், 108 ஐ அழைக்க வேண்டும். தணியவில்லையெனில் ஐந்து நிமிட இடைவெளியில் மற்றொன்று என்று மருத்துவர் சொல்லியிருக்கலாம். அவ்வாறாயினும் மூன்றுக்கு மேல் வேண்டா. வண்டி வரும்வரை நடக்கக்கூடாது. தாமே இருசக்கர வாகனம் ஓட்டிக்கொண்டு புறப்படக்கூடாது. சோடா குடித்துப் பார்ப்பதற்கு ஒதுக்கும் காலம் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும் காலம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சில் வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவோ, மேல்வயிற்று எரிச்சலாகவோ மாரடைப்பு வருவதுண்டு என்பதையும் தாய்மார்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

முதன்முறையாக நெஞ்சுவலி வருபவர் அடுத்த வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கி நாவின் கீழ் வைத்தலாகாது. அவரவர் அழுத்தம் வேறு, நோய் வேறு. அரசு 2023 சூனில் 'இதயம் காப்போம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்றின் முதல் அளவை உடனே தந்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதே அதன் நோக்கம். எனவே நெஞ்சுவலிக்காரரோடு இருப்பவர் முதலில் நினைக்க வேண்டியது மருந்துக் கடையை அன்று. 108 ஐயும் அருகிலுள்ள சுகாதார நிலையத்தையும்.

நாவின் கீழ் வைக்கும் மாத்திரைகளுள் கிளிசரில் டிரைநைட்ரேட் என்பது ஆவியாகும் இயல்பினது. வந்த கண்ணாடிப் புட்டியிலேயே, மூடி இறுகத் திருகி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். மற்ற மாத்திரைகளையும் அட்டையிலிருந்து பிரித்து வைக்கலாகாது. விருதுநகர் வெயிலில் தகரக் கூரையின் கீழ் மாடம் அடுப்பாகிவிடும். மடியில் சுருட்டி வைத்தால் வியர்வை. அடுக்களையில் வைத்தால் ஆவி. அலுமினியத் தூளில் ஈரம் பட்டால் என்னாகும் என்று தெரிந்தவர்களுக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை.

மற்றொரு செய்தி; அவையடக்கம் கருதிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்மைக் குறைவுக்கென்று விளம்பரமாகும் மாத்திரைகளில் சில, நைட்ரேட்டோடு சேர்ந்தால் அழுத்தத்தை அதலபாதாளத்துக்கு இறக்கி உயிரையே பறிக்கும். அவற்றை உண்டவர் நெஞ்சுவலியோடு வரும்போது, வெட்கத்தை விட்டு மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

எதனோடு எது சேரக்கூடாது என்பது பட்டாசுத் தொழிலில் தலையாய பாடம். இங்கும் அப்படியே. நாளெல்லாம் குனிந்து அமர்ந்து குழாய் உருட்டுபவர்களுக்கும் திரி செருகுபவர்களுக்கும் இடுப்புவலி தீராத துணை. மாலையில் மருந்துக் கடையில் வலி மாத்திரை ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. டைக்ளோபினாக், இபுபுரூபென் போன்றவை கொதிப்பை ஏற்றும். கொதிப்பு மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். எனலாபிரில் வகையோடும் நீர் பிரியும் மாத்திரையோடும் சேர்ந்தால் சிறுநீரகத்தைத் தாக்கும். சளி மாத்திரைகள் சிலவும் அழுத்தத்தை உயர்த்துவன. வலியோ சளியோ, எது வாங்கினாலும் 'எனக்குக் கொதிப்பு உண்டு, இன்ன மாத்திரை உண்கிறேன்' என்று சொல்லியே வாங்குக. குறைந்த சோடியம் என்று விற்கும் உப்பு சிலவற்றில் பொட்டாசியம் கலந்திருக்கும். எனலாபிரில், டெல்மிசார்ட்டான் உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதற்கு மாறலாகாது. சாதாரண உப்பைக் குறைத்தாலே போதும். ஒருவருக்கு ஒருநாள் முழுதும் ஐந்து கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் உள்ளாக, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் இந்தக் கணக்கில் சேர்ந்தவையே.

பக்க விளைவைப் பற்றியும் கூற வேண்டும். மாத்திரையை விட்டுவிடுபவர்களில் பலர் அதனால்தான் விடுகின்றனர். அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம். எனலாபிரிலால் வறட்டு இருமல் வரலாம். இரண்டுக்கும் மாற்று மாத்திரை உண்டு. போய்ச் சொன்னால் மாற்றித் தருவர். ஆனால் எனலாபிரில் உண்பவருக்கு உதடோ நாவோ முகமோ வீங்கினால் அது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை. நீர் பிரியும் மாத்திரை உண்பவர் கத்திரி வெயிலில் வேலை செய்து வியர்வையில் நீரை இழந்தால், அல்லது வயிற்றுப்போக்கு கண்டால், தலை சுற்றும். அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும். கருவுற்ற பெண்ணும், கருவுற எண்ணும் பெண்ணும் எனலாபிரில், டெல்மிசார்ட்டான் வகைகளை உண்ணலாகாது; அவை சிசுவைத் தாக்கும். தாமாக நிறுத்தாமல், உடனே சொன்னால் வேறு மாற்றித் தருவர். பெயருக்குப் பின்னே எஸ்.ஆர்., எக்ஸ்.எல். என்று எழுத்து இருந்தால், மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரை என்பது பொருள். அதனைப் பொடித்தோ மென்றோ உண்டால் ஒருநாள் அளவு ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

'இங்கிலீஷ் மருந்தே வேண்டாம். வேர் இருக்கிறது, பொடி இருக்கிறது' என்று சொல்பவர்களும் உளர். நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் கொதிப்பைத் தணிக்கும் என்பதை, பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949 இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதி உலகறியச் செய்தார். அதிலிருந்து பிரித்த ரெசர்பின் பல ஆண்டுகள் உலகெங்கும் வழங்கியது. பின்னர் அதனால் மனச்சோர்வு முதலிய தொல்லைகள் காணவே, இன்று மற்ற மாத்திரைகள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. வேரிலிருந்து வந்தாலும் மருந்து மருந்துதான். அதற்கும் அளவு உண்டு, தீங்கும் உண்டு. பொடி உண்பவர்கள் அதையும் மருத்துவரிடம் மறைக்க வேண்டா.

மருத்துவரிடம் சொல்லுங்கள், கேளுங்கள் என்று பலமுறை கூறிவிட்டேன். நம் மக்கள் ஏன் கேட்பதில்லை? 1929 டிசம்பர் 12 ஆம் நாள் 'யங் இந்தியா' இதழில் வெளிவந்த ஒரு கடிதத்தை டாக்டர் அம்பேத்கர் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எடுத்துக் காட்டுகிறார். எழுதியவர் கத்தியவாரைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர், நம்மவர். பிள்ளை பெற்ற அவர் மனைவிக்கு நோய் கண்டது. இரண்டு ரூபாய் கட்டணத்துக்கு ஊர்ப் பெரியவர்கள் பிணை நின்ற பிறகு, சேரிக்குள் நுழையமாட்டேன் என்ற நிபந்தனையோடு மருத்துவர் வந்தார். பச்சைக் குழந்தையோடு அத்தாயைச் சேரிக்கு வெளியே கொணர்ந்தனர். மருத்துவர் வெப்பமானியை ஒரு முஸ்லிம் அன்பரிடம் தந்தார். அவர் கணவரிடம் தந்தார். கணவர் மனைவியிடம் தந்தார். வந்த வழியே அது திரும்பிற்று. விளக்கொளியில் அதனைப் பார்த்து, நுரையீரல் அழற்சி என்று சொல்லிவிட்டு மருத்துவர் போய்விட்டார். அத்தாய் இறந்தாள். அவ்வாறு எட்டி நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். வெள்ளைச் சட்டையைக் கண்டால் கைகட்டி நின்று, 'சரிங்கய்யா' என்று மட்டும் சொல்லி, சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடும் பழக்கம் நம் முதியோரிடம் இன்னும் இருப்பதற்கு அறியாமை மட்டும் காரணமன்று.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. முழுதும் என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டு 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, நம் தெருவிலும் பெண் தன்னார்வலர் ஒருவர் வீட்டுக்குள் வந்து, பாயில் அமர்ந்து, என் தாயாரின் கையைத் தம் மடியில் வைத்துப் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். நான் அந்தக் கத்தியவார் வெப்பமானியை நினைத்துக்கொண்டேன். என் தாயாருக்கு அது தெரியாது. 'இந்தப் பிள்ளைக்குக் காப்பி போடு' என்றார். இலவச மாத்திரைக்காக மருத்துவமனை வரிசையில் நின்றால் ஒருநாள் கூலி போய்விடும். மாத்திரை விட்டுப்போவதற்கு முதற்காரணம் அதுவே என்று நான் கருதுகிறேன். ஆகவே வீடு தேடி வரும் மருந்தைச் சிறிதென்று எண்ணற்க. காப்பீட்டு அட்டை உள்ள தொழிலாளர்களுக்குச் சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு, ஆலையில் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேட்பது உரிமை.

இங்கும் ஓர் இடர் உண்டு. வீட்டுக்கு வந்த அரசு மாத்திரையும், தனியார் மருத்துவர் எழுதித் தந்த விலை மாத்திரையும் ஒரே மருந்தாக இருக்கலாம். மேல்பெயர் மட்டும் வேறு. இரண்டையும் சேர்த்து உண்டு மயங்கி விழுந்த அம்மையார் ஒருவரை நான் அறிவேன். 'அது வெள்ளை, இது மஞ்சள், ஐயா' என்றார். நிறத்தைக் கொண்டு மாத்திரையை அடையாளம் காண்பவர்கள் நம் முதியோர். வேறு நிறுவனத்திலிருந்து வாங்கினால் அதே மருந்தின் நிறமும் வடிவும் மாறிவிடும். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்தாலொழிய அது தெரியாது.

திருவள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்து, மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கொடுப்பவர் என்று நான்காகப் பகுத்தார். அந்த நான்காமவர் நம் வீடுகளில் யார்? எட்டாம் வகுப்பு படிக்கும் பேத்திதான். சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தோம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு முதியவரின் மாத்திரை அட்டைகளைப் பார்த்து, மருந்தின் பெயர், அளவு, காலாவதி நாள் ஆகியவற்றைத் தமிழில் எழுதி, உண்ணும் வேளைக்கு நேரே உதிக்கும் சூரியன், உச்சிச் சூரியன், நிலா என்று படம் வரைந்து கொண்டுவர வேண்டும். அச்சகக் கழிவுத் தாளின் வெறும் பக்கமே போதுமானதாயிற்று. காலாவதியான மாத்திரைகள் பல வீடுகளில் வெளிப்பட்டன. ஒரே மருந்து இரு பெயரில் இருந்த வீடுகளும் வெளிப்பட்டன. ஒரு மாணவி தன் தாத்தாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, 'இந்த இரண்டும் ஒன்றுதானே, டாக்டர்?' என்று கேட்டாளாம். மருத்துவர் ஒன்றை அடித்துவிட்டாராம். மதிப்பெண் பட்டியலில் அவள் பின்வரிசை. அன்று நான் அவளுக்கு எத்தனை மதிப்பெண் இட்டேன் என்பதைச் சொல்ல மாட்டேன். கல்வித் துறையினர் எவரேனும் அவையில் இருக்கக்கூடும்.

இனி ஓர் அறிவிப்பு. மண்டபத்தின் பின்புறம் செவிலியர் இருவர் அழுத்தமானியோடு அமர்ந்திருக்கின்றனர். அளப்பதற்குமுன் ஐந்து நிமிடமேனும் அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. என் உரையின் நீளத்தால் நீங்கள் அனைவரும் அதற்குத் தகுதி பெற்றுவிட்டீர்கள். இடையே வெளியே சென்று தேநீர் அருந்தியவர்களும் பீடி குடித்தவர்களும் அரைமணி நேரம் பொறுத்து வருக. முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கையை மேசைமேல் நெஞ்சின் மட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அளக்கும்போது பேச வேண்டா. அழைப்பிதழில் கேட்டுக்கொண்டபடி மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்திருப்பவர்கள் பக்கத்து மேசையில் உள்ள எங்கள் பள்ளி மாணவிகளிடம் காட்டுங்கள். பெயரைப் படித்து எழுதித் தருவார்கள். பன்னிரண்டு மணி வண்டிக்குத் திரும்ப வேண்டியவர்கள் முதலில் செல்லட்டும்.